வாசலோடு நின்றுவிட்ட வைத்தியம்

அணிவித்த மாலையைக் கழற்ற மனமில்லாமல் கழுத்து வியர்க்க அமர்ந்திருக்கும் அவைத் தலைவர், எங்கள் ஊர் மருத்துவமனையின் இயக்குநர் டாக்டர் பாலகிருஷ்ணன் அவர்களே. முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டே முன்வரிசைக்கு முதல் ஆளாக வந்து இடம் பிடித்திருக்கும் மூத்தோர்களே. மாவரைப்பதையும் மாலை நேரத்து சீரியலையும் ஒருசேர ஒத்திவைத்துவிட்டு மண்டபத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே. மண்ணைக் குழைத்து, அச்சில் வார்த்து, அனலில் சுட்டு, பீங்கானாக்கி ஊர் ஊராக அனுப்பும் என் உறவுகளே. வட்டாரத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து குழுமியிருக்கும், பிசியோ என்று ஊர் கூப்பிடும் இயன்முறை மருத்துவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் கரகரப்பான வணக்கம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள், காரணம் பின்னால் வரும்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் மூச்சைப் பற்றி மூச்சு விடாமல் பேசினார்கள். மூச்சே முதல் என்றார்கள், மூச்சே முடிவு என்றார்கள், மூச்சே தெய்வம் என்றார்கள். கேட்கக் கேட்கப் புல்லரித்தது. எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் இந்தப் பேனரைப் பாருங்கள். நடுவில் ஒரு வென்டிலேட்டர் படம். அதைச் சுற்றி விழாக் குழுச் செயலாளர் சிரிக்கிறார், பொருளாளர் சிரிக்கிறார், துணைத் தலைவர்கள் எல்லோரும் வரிசையாகச் சிரிக்கிறார்கள். அந்த மெஷினில் மாட்டியிருக்க வேண்டிய ஓர் ஆள் மட்டும் படத்தில் இல்லை. நோயாளியை விட்டுவிட்டு மெஷினுக்கு விழா எடுக்கிற ஊர் வேறு எங்காவது இருந்தால் சொல்லுங்கள், நான் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

சிரிக்காதீர்கள். அந்த இடத்தை நிரப்பத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் சிந்தாமணி. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறேன். மாலையானால் மேடையில் பேசுகிறேன். காது குத்து முதல் கவியரங்கம் வரை இந்த விருத்தாசலத்தில் யார் பந்தல் போட்டாலும் என் தொண்டைக்கு வேலை உண்டு. போன மாசியில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இருமலானது, இருமல் நிமோனியாவானது, ஒரு காலையில் மூச்சு வாங்க முடியாமல் நீலம் பாரித்து நின்றேன். வாய் வழியாகக் குழாயை இறக்கி என்னை வென்டிலேட்டரில் போட்டார்கள். என் உயிரைக் காத்தது அந்த மெஷின். அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் வருத்தமெல்லாம் இரண்டு கால் உள்ள மெஷின்கள் மேல்தான்.

இங்கே இருக்கிற இயன்முறை மருத்துவர்களை ஒன்று கேட்கிறேன். அந்தக் குழாய் எங்கே போய் நிற்கிறது என்று உங்களில் எத்தனை பேர் தயங்காமல் சொல்வீர்கள்? கை தூக்க வேண்டாம், கூச்சமாக இருக்கும். நானே சொல்கிறேன். வாய்க்குள் நுழைந்து, குரல் நாண்கள் இரண்டுக்கும் நடுவே புகுந்து, மூச்சுக்குழாயில் போய் நிற்கிறது. அதன் நுனிக்கு மேலே சின்னதாக ஒரு பலூன். அதை ஊதி வைத்தால் காற்று மேலே கசியாது, எச்சில் கீழே இறங்காது. குரல் நாண் வழியாகக் காற்றே போகவில்லை என்றால் குரல் எப்படி வரும்? பேசிப் பேசியே பேர் வாங்கியவளுக்கு ஒரு 'ம்' சொல்ல வழியில்லாமல் போனது. ஆனால் குழாய் வாயில்தான் இருந்தது. காது சும்மாதான் இருந்தது. மயக்க மருந்தைக் குறைத்த நாளிலிருந்து என் கட்டிலைச் சுற்றி யார் என்ன பேசினாலும் கேட்டுக்கொண்டே கிடந்தேன். இப்போது சிலர் நாற்காலியில் நெளிகிறார்கள். நெளியுங்கள், உடம்புக்கு நல்லது.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சிங்காரவேல். பீங்கான் பொம்மை செய்யும் பட்டறையில் சூளை மேஸ்திரி. சூளைக்காரர்கள் வீட்டு வழக்கம் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். சரக்கை அடுக்கி, வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, களிமண் பூசி, ஒரு கொத்து வேப்பிலையைச் செருகித் தீயை மூட்டிவிட்டால், சூடு ஆறும்வரை யாரும் கிட்டப் போகக் கூடாது. எட்டிப் பார்க்கக் கூடாது. எப்படி வெந்திருக்கிறது என்று வாய் திறந்து கேட்கவும் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்காற்று பட்டு மொத்தச் சரக்கும் விரிசல் விடும்.

அந்த மனிதர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். கண்ணாடிக் கதவைப் பார்த்தார். உள்ளே அனலாய்க் கொதிக்கிற என் உடம்பைப் பார்த்தார். விளக்கு எரிவதைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. போய் ஒரு கொத்து வேப்பிலையைக் கொண்டுவந்து கதவுப் பிடியில் செருகிவிட்டு, வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"தீ போட்டிருக்குதுங்க. ஆறுற வரைக்கும் யாரும் தொட வேணாம். திருப்ப வேணாம், தூக்க வேணாம். தொட்டா விரிசல் வுட்டுடும்" என்றார் நர்ஸிடம்.

அட, கட்டிய மனைவி மேல் வைத்த பாசம் அப்படி. பொம்மைக்கும் பொண்டாட்டிக்கும் வித்தியாசம் தெரியாத பாசம். மருந்து கொடுக்கவும் சளி உறிஞ்சவும் அவர் ஸ்டூலைத் தாண்டித் தாண்டி உள்ளே வந்த நர்ஸுகளுக்குத்தான் நீங்கள் விழா எடுத்திருக்க வேண்டும்.

சரி, அவர் பார்த்த வேலை சூளை. அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். படித்துப் பட்டம் வாங்கி, வெள்ளைக் கோட்டில் பெயரைத் தைத்துக்கொண்டு வந்தவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "மேஸ்திரி, இது சூளை இல்லை, உங்க சம்சாரம் பொம்மை இல்லை, தள்ளிக்குங்க" என்று சொல்லியிருக்க வேண்டாமா? எங்கள் மருத்துவமனையின் மூத்த இயன்முறை மருத்துவர், இயன்முறைப் பிரிவின் தலைவர், இதோ இந்த மேடையில் என் வலப்பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிரேம்நாத் அவர்கள் அன்று சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"மேஸ்திரி சொல்றது ரொம்ப கரெக்ட்டுங்க. மெஷினை எடுக்கட்டும், அப்புறமா எக்சர்சைஸு பாத்துக்கலாம்."

ஐயா, இவர் மெஷினை எடுக்கட்டும் என்கிறார். மெஷினை எடுக்க எனக்குத் தசையில் பலம் வேண்டும். பலம் வர இவர் உள்ளே வர வேண்டும். இவர் உள்ளே வர மெஷினை எடுக்க வேண்டும். நீச்சல் பழகிய பிறகுதான் தண்ணீரில் இறங்குவேன் என்று கரையில் நிற்கிறவரை வைத்துக்கொண்டு எந்த ஆற்றைக் கடப்பது?

தினமும் வருவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பார். மெஷினை ஒரு பார்வை, தன் செருப்பை ஒரு பார்வை. "வென்டிலேட்டரில் உள்ளார், பயிற்சிக்கு ஏற்ற நிலையில் இல்லை" என்று நர்ஸிடம் ஒப்பித்துவிட்டுப் போய்விடுவார். எனக்குத் தெரிந்த கோயில் குருக்கள்கூட இவ்வளவு தூரத்திலிருந்து அர்ச்சனை செய்ததில்லை.

இது என்ன, ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. "சுருக்கமாகப் பேசவும்." தம்பி, குழாய் போட்டிருந்தபோது நான் மிகவும் சுருக்கமாகத்தான் பேசினேன். அப்போது உங்களுக்கெல்லாம் நிம்மதியாக இருந்தது. இன்று கொஞ்சம் விரிவாகக் கேளுங்கள்.

தாய்மார்களே, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள், நாளை நம் வீட்டிலும் யாராவது அப்படிக் கிடக்கலாம். நீங்களும் நானும் மூச்சு வாங்கும்போது விலாவுக்குக் கீழே இருக்கிற தசை கீழே இறங்குகிறது, மார்பு விரிகிறது, காற்று தானாக உள்ளே இழுபடுகிறது. மெஷினோ காற்றை உள்ளே தள்ளுகிறது. நாம் இழுப்பது வேறு, அது தள்ளுவது வேறு. முதலில் எல்லா மூச்சையும் அதுவே தள்ளும். உடம்பு தேறத் தேற, மூச்சை நாம் தொடங்குவோம், அது கைகொடுத்து முடித்துவைக்கும். மூச்சு முழுவதும் வெளியே போய்விடாமல் கடைசியில் கொஞ்சம் காற்றை உள்ளேயே நிறுத்திவைக்கும், நுரையீரலின் சிற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. எவ்வளவு ஆக்சிஜன், எவ்வளவு அழுத்தம், யார் மூச்சைத் தொடங்குகிறார்கள், எல்லாம் திரையிலேயே தெரிகிறது. தேர்வு முடிவு வெளியானது போல ஊரறியத் தெரிகிறது. அதைப் படிக்கத் தெரியாமல் பட்டம் வாங்கியவர்களைப் பார்த்தால், பள்ளிக்கூடத்தில் நான் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய பிள்ளைகளிடம் போய் மன்னிப்புக் கேட்கலாம் போலிருக்கிறது.

படுத்தே கிடந்தால் என்ன ஆகும்? தொடை கரையும், தோள் கரையும், கெண்டைக்கால் கரையும். அது மட்டுமா கரையும்? மூச்சு விடுகிற தசையும் கரையும். தன் வேலையை வேறொருவர் செய்துகொடுத்தால் அது எதற்காக உழைக்கும்? நம் வீட்டு ஆண்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோமே. கைதட்டுவது தாய்மார்கள் பக்கம் மட்டும்தான் கேட்கிறது, இருக்கட்டும்.

மருந்து கிருமியைக் கொன்றது. காய்ச்சல் விட்டது. பணியில் இருந்த டாக்டர் சண்முகப்ரியா மெஷினின் உதவியைக் குறைத்து, நானாக மூச்சு விடுகிறேனா என்று சோதித்துப் பார்த்தார். தோற்றேன். மறுநாளும் தோற்றேன். வியர்த்துக் கொட்டியது, மூச்சு நாய்க்கு இளைப்பது போல் இளைத்தது, மறுபடியும் பழையபடி மெஷினை ஏற்றிவைத்தார்கள். இன்னும் நாள் இழுத்தால் கழுத்தில் துளை போட்டு அதன் வழியாகக் குழாய் வைக்க வேண்டியிருக்கும் என்று என் தலைமாட்டில் பேசிக்கொண்டார்கள். பலருக்கு அது உயிர் காக்கிற நல்ல வைத்தியம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பறையும் மேடையுமாக வாழ்ந்த கழுத்து இது. இனி எப்போது பேசுவேன், பேசுவேனா என்று யாரைக் கேட்பேன்? கண்ணீர் வழிந்தது. வாசலில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "சூடு அதிகமா இருக்குது போல" என்றார்.

அந்த நேரத்தில்தான் பிரேம்நாத் அவர்களுக்கு நல்லூரில் ஒரு கல்யாணம் வந்தது. மணமக்கள் நீடூழி வாழட்டும். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் அவர்களை நான் தினமும் வாழ்த்துகிறேன். அவருக்குப் பதிலாக ஒரு பெண் வந்தாள். யுவஸ்ரீ என்று பெயர். படித்து முடித்துப் புதிதாகச் சேர்ந்தவள். அவள் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். இதை ஒரு சாதனையாகச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. கதவைத் திறந்தாள், உள்ளே வந்தாள்.

மெஷின் முன்னால் நின்று திரையைப் படித்தாள். பிறகு என் உதட்டோரத்தில் குழாயின் எந்த எண் தெரிகிறது என்று பார்த்து நர்ஸிடம் சொன்னாள், குழாய் இடம் மாறினால் கண்டுபிடிக்க அதுதான் அடையாளம். பிறகு டாக்டரிடம் போனாள்.

"ஆக்சிஜன் கம்மியாதான் போவுது மேடம். அழுத்தமும் கம்மிதான். மூச்சை அவங்களே ஆரம்பிக்கிறாங்க. பிபி நிலையா நிக்குது. முழிச்சி நல்லா பாக்கறாங்க. கட்டில் ஓரமா உக்கார வச்சிப் பாக்கட்டுமா?"

"நானே கேக்கணும்னு இருந்தேன். வாசல்ல அவங்க வூட்டுக்காரர் வுடமாட்டாருன்னு உங்க சார் சொன்னாரு. நீங்க பாருங்க, நான் பக்கத்துல இருக்கேன்" என்றார் சண்முகப்ரியா.

அப்புறம் அவள் செய்ததை இந்த மண்டபத்தில் இருக்கிற எல்லோரும் கேட்க வேண்டும். அத்தனை நாளில் ஒருவரும் செய்யாததைச் செய்தாள். என் முகத்துக்கு நேரே குனிந்து என்னைக் கேட்டாள்.

"அம்மா, நான் யுவஸ்ரீ, பிசியோ. நான் சொல்றது புரியுதுன்னா என் கைய அழுத்துங்க."

அழுத்தினேன்.

"உக்காரலாமாம்மா? குழாய நர்ஸக்கா புடிச்சிக்குவாங்க, உங்கள நான் புடிச்சிக்குவேன். வேணாம்னா கண்ண மூடிக்குங்க, வுட்டுடறேன்."

என் வீட்டுக்காரர் ஸ்டூலைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடிவந்தார். "யாரக் கேட்டு கை வக்கிறீங்க? இன்னும் ஆறலைங்க."

"உங்களையும் கேக்கறேங்க மேஸ்திரி. முதல்ல அவங்களக் கேட்டுக்கறேன்" என்றாள் அந்தப் பெண்.

கேட்டீர்களா அந்தச் சொல்லை? முதலில் அவங்களக் கேட்டுக்கறேன். வீட்டில் கேட்டார்கள், உறவில் கேட்டார்கள், ஊரில் கேட்டார்கள். கிடந்தவளைக் கேட்டார்களா? வாயில் குழாய் இருந்தால் மனமும் அடைபட்டுவிடுமா? குரல் போனால் கருத்தும் போய்விடுமா? நான் அவள் கையை அழுத்திய அழுத்தில் அவள் முகமே சுளித்தது. அத்தனை நாள் பேசாமல் வைத்திருந்த பேச்சையெல்லாம் அந்தக் கையில் சொல்லிவிட்டேன்.

ஒரு நர்ஸ் உதட்டோரம் குழாயைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் மருந்துக் குழாய்களைத் தளர்த்திக் கொடுத்தார். யுவஸ்ரீ என் முதுகுக்குக் கீழே கை கொடுத்து மெல்லத் திருப்பிக் கால்களைத் தொங்கவிட்டு உட்கார வைத்தாள். பாதம் தரையைத் தொட்டது. உடனே மெஷின் அலறியது.

என் வீட்டுக்காரரும் கூட அலறினார். "வுட்டுடுச்சு, விரிசல் வுட்டுடுச்சு. நான் அப்பவே சொன்னேன்."

இங்கேதான், வந்திருக்கும் மருத்துவர்களே, நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். மெஷின் கத்தினால் எங்கே பார்க்க வேண்டும்? மெஷினையா? நம்மில் பலர் மெஷினைத்தான் பார்ப்போம், அது ஏதோ நம்மைத் திட்டுவது போலக் கையைப் பிசைவோம். அவள் என்னைப் பார்த்தாள். முகத்தின் நிறத்தைப் பார்த்தாள், மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள், விரலில் மாட்டியிருந்த கருவியின் எண்ணைப் பார்த்தாள். நான் நன்றாக இருந்தேன். அதற்கப்புறம்தான் என் வாயிலிருந்து மெஷின் வரைக்கும் குழாயைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே போனாள். கட்டில் கம்பிக்கு அடியில் குழாய் மடங்கி மாட்டியிருந்தது. எடுத்துவிட்டாள். மெஷின் அடங்கியது.

அழுத்தம் ஏறிக் கத்தினால் எங்கோ அடைக்கிறது: குழாய் மடங்கியிருக்கும், சளி சேர்ந்திருக்கும், நோயாளி இருமுவார், அல்லது குழாயைக் கடிப்பார். அழுத்தம் இறங்கிக் கத்தினால் எங்கோ கழன்றிருக்கும், காற்று கசியும். என்னவென்று பிடிபடவில்லையா, மெஷினைக் கழற்றிவிட்டுக் கையால் அழுத்தும் காற்றுப்பையால் மூச்சுக் கொடுக்க நர்ஸும் டாக்டரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவர்கள் இல்லாமல் தொடக் கூடாது. ஆக்சிஜன் இறங்கினால், நெஞ்சு படபடத்தால், நோயாளி வேண்டாமென்று தலையாட்டினால் நிறுத்திப் படுக்க வைக்க வேண்டும். இவ்வளவுதான் தொடக்கப் பாடம். ஒரு தமிழ் வாத்தியாரம்மா வாயில் குழாயோடு மல்லாந்து கிடந்து கற்றுக்கொண்ட பாடம். இதற்கா வருடக்கணக்கில் வாசலில் நின்றீர்கள்?

அன்று உட்கார்ந்தபோதுதான் விட்டத்தையும் கண்ணாடிக் கதவையும் தவிர வேறொன்றை என் கண் பார்த்தது. என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். தாடி மண்டி, கண் சிவந்து, பாதி ஆளாகிப் போயிருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் பதிந்திருந்த என் பாதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு தினமும் உட்கார்ந்தேன். பிறகு நின்றேன். இருமப் பழக்கினாள், மூச்சை ஆழ இழுக்கப் பழக்கினாள். அடுத்த சோதனையில் டாக்டர் மெஷினின் உதவியைக் குறைத்தபோது வியர்க்கவில்லை, இளைக்கவில்லை. குழாயை எடுத்தார்கள். கழுத்தில் துளை விழவில்லை. என் முதல் சொல் என்ன தெரியுமா? பக்கத்தில் குனிந்திருந்த என் வீட்டுக்காரரிடம், "தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்" என்றேன். குரல் தகரத்தைத் தேய்த்தது போல வந்தது. அந்தக் கரகரப்பு இன்னும் முழுதாக விடவில்லை. எனக்கு இந்தக் குரலே போதும்.

இனிதான் கதையின் அழகான பகுதி. கல்யாணச் சாப்பாடு செரித்துத் திரும்பினார் பிரேம்நாத் அவர்கள். நோயாளி பிழைத்ததில் மகிழ்ச்சி. தன்னைக் கேட்காமல் பிழைத்ததில் வருத்தம். "உறவினர் கூச்சல் போடும்படி, பிரிவுத் தலைவரின் அனுமதியில்லாமல் நோயாளியைத் தொட்டார்" என்று சொல்லி யுவஸ்ரீயைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் வரக் கூடாதென்று கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள். இப்போது முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். முழங்காலைக் குறைவாகச் சொல்லவில்லை, முன்வரிசை கோபித்துக்கொள்ள வேண்டாம். என் வீட்டுக்காரர் நேரில் போய், "கத்துனது என் தப்புங்க, அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிப் பார்த்தார். "ஆர்டர் போட்டாச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்களாம். சூளையைக்கூட ஆறியதும் திறந்துவிடலாம், இவர்கள் போட்ட ஆர்டரைத் திறக்க முடியாது.

இன்றைக்கு என்ன விழா? தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓய்வறியாச் சேவை செய்ததற்காகப் பிரேம்நாத் அவர்களுக்குச் 'சுவாசச் செம்மல்' என்று பட்டம். பொன்னாடை போர்த்துவது யார்? பிழைத்து வந்த பயனாளி சிந்தாமணி. என்ன பொருத்தம், என்ன புத்தி, என்ன துணிச்சல். ஓய்வறியாச் சேவை என்பது உண்மைதான். வாசலில் நிற்பதில் அவர் ஒரு நாளும் ஓய்ந்ததில்லை. விசிலடிக்காதீர்கள், நான் இன்னும் முடிக்கவில்லை.

அழைப்பு வந்ததும் வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஏன் வந்தேன்? இன்று காலை எனக்கு வைத்தியம் பார்த்த நர்ஸுகளைப் பார்த்துவிட்டு வரப் போனேன். நான் கிடந்த அதே கட்டிலில் கம்மாபுரத்துப் பெண் ஒருத்தி கிடக்கிறாள். பெயர் அனுசியா. பிள்ளை பெற்ற கையோடு நுரையீரலில் தொற்று. காய்ச்சல் விட்டுவிட்டது, விழித்திருக்கிறாள், சோதனையில் தோற்றிருக்கிறாள். அவள் கண் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். பிசியோ வந்தாரா என்று நர்ஸைக் கேட்டேன்.

"வந்தாரும்மா. வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிட்டாரு."

அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மெஷினு போட்டிருக்கறப்ப அசைக்கக் கூடாதாமே, நெசமாம்மா? உங்கள அசைச்சாங்களாமே" என்று கேட்டார். கீழ்த்தளத்தில் ஒரு பெண் இருக்கிறாள், படியேறினால் வந்துவிடுவாள், ஆனால் வரக் கூடாதென்று ஆர்டர் இருக்கிறது என்று அந்தத் தாயிடம் நான் எப்படிச் சொல்வேன்? அதனால் இங்கே வந்து சொல்கிறேன்.

தலைவர் அவர்களே, நான் இந்தப் பொன்னாடையைப் போர்த்த மாட்டேன். என் குரல் நாணுக்கு நடுவே குழாய் இருந்தபோது எனக்காக யாரும் பேசவில்லை. இன்று அனுசியாவின் வாயில் குழாய் இருக்கிறது. அவளுக்காக நான் பேசுகிறேன். அந்த ஆர்டரை இங்கேயே, இப்போதே, இந்த மைக்கிலேயே நீங்கள் ரத்து செய்ய வேண்டும். யுவஸ்ரீ இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். வந்தவர்களுக்குச் சந்தனமும் கற்கண்டும் கொடுக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

என்ன ஐயா, யோசிக்கிறீர்கள்? கூட்டம் காத்திருக்கிறது. மைக் வேண்டுமா? இந்தாருங்கள்.

கேட்டீர்களா? "நாளைக்கு இல்ல, இப்பலேர்ந்தே அந்தப் பொண்ணு உள்ள போகலாம்" என்கிறார் இயக்குநர். நன்றி ஐயா. இன்று முழுக்க நீங்கள் பேசியதிலேயே சிறந்த பேச்சு இதுதான்.

பிரேம்நாத் அவர்களும் எழுந்து நிற்கிறார். பேச வேண்டுமாம். உட்காருங்கள் என்று யாரும் சத்தம் போடாதீர்கள், அவருக்கும் குரல் இருக்கிறது, பேசட்டும்.

மெதுவாகச் சொன்னதால் பின்னால் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். "நான் படிச்சப்ப இந்த மெஷினை யாரும் காட்டலைங்க. உள்ள போனா எதையாவது தப்பாத் தொட்டுடுவேன்னு பயம். பயம்னு சொல்லிக்க வெக்கம்" என்கிறார்.

ஐயா, நீங்கள் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, வாயில் குழாயோடு. ஆனால் என் பயத்துக்கு நான் அடுத்தவரைப் படுக்க வைக்கவில்லை. உங்களை மன்னிக்கிற உரிமை என் ஒருத்திக்கு மட்டும் சொந்தமில்லை, எனக்கு முன்னால் அந்தக் கட்டிலில் கிடந்தவர்கள் எத்தனையோ பேர். பொன்னாடை மேசையிலேயே இருக்கட்டும். உங்களுக்கு இன்று வேறு வேலை இருக்கிறது.

யுவஸ்ரீ, அந்தச் சந்தனக் கிண்ணத்தை யாரிடமாவது கொடுத்துவிட்டு வாம்மா. கையை நன்றாகக் கழுவிக்கொள். இந்த நேரத்தில் அனுசியாவை உட்கார வைக்க வேண்டாம், அதையெல்லாம் காலையில் டாக்டரைக் கேட்டுச் செய்துகொள். இன்று போய் அவள் முகத்துக்கு நேரே குனிந்து உன் பெயரைச் சொல்லு. நாளைக் காலையில் வருவேன் என்று சொல்லு. அது போதும், இன்றிரவு அவள் தூங்குவாள். மண்டப வாசலில் என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறார், கொண்டுபோய் விட்டுவிடுவார். போகச் சொன்னது நானில்லை. அவரே எழுந்து போனார்.

பிரேம்நாத் ஐயா, அந்த வண்டியில் இரண்டு பேர்தான் போக முடியும். நீங்கள் உங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் பின்னாலேயே போங்கள். கதவை அவள் திறப்பாள்.

இவ்வளவு நேரம் இந்தக் கரகரத்த குரலைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், துண்டுச் சீட்டு அனுப்பியும் துரத்தாத செயலாளருக்கும், கைதட்டிய தாய்மார்களுக்கும், தட்டத் தயங்கிய ஆண்களுக்கும், வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் எல்லோருக்கும் நன்றி. வழியை மறிக்காதீர்கள், அவர்கள் போகட்டும். வணக்கம்.